மடியிலிருந்து இருக்கைக்கு: சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்குக் கார் இருக்கை தேர்ந்தெடுத்தல்

முதல் வகுப்பில் சேர்ந்திருந்த அந்தச் சிறுமி முதல் மாதத்தில் ஆறு நாள்தான் பள்ளிக்கு வந்திருந்தாள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வகுப்பாசிரியர் என்னை அழைத்தார். "பெயரை வீட்டுவழிக் கல்விக்கு மாற்றித் தரச் சொல்லி அம்மா கேட்கிறார். நீங்கள் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வந்த ஆறு நாளும் குழந்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்" என்றார்.

சிறுமிக்கு ஐந்து வயது. மூளை முடக்குவாதம். கை கால்களில் தசை இறுக்கம் அதிகம். தலையைச் சிறிது நேரம் நிமிர்த்திப் பிடிப்பாள், பிறகு சாய்ந்துவிடும். பலத்த சத்தம் கேட்டால் உடல் முழுவதும் வில்லாக விறைத்துப் பின்னால் வளையும். அப்பா சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். ஏழு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்குக் காலையில் அவரே கொண்டுவந்து விடுவார். அம்மா பின் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் நாய் குறுக்கே ஓடியிருக்கிறது. அப்பா பிரேக் போட்டார். சத்தத்தில் குழந்தை விறைத்து, அம்மாவின் கையிலிருந்து நழுவி, முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். புருவத்தில் மூன்று தையல்.

"வீட்லயே வந்து சொல்லிக் கொடுத்துடுங்க டீச்சர். இவளத் தூக்கிக்கிட்டு ரோட்டுல போக எனக்குத் தெம்பு இல்ல" என்றார் அம்மா.

நம் பதிவேடுகளில் இது "பெற்றோர் விருப்பம்" என்று பதிவாகும். உண்மையில் அவர் பள்ளியை மறுக்கவில்லை, பயணத்துக்குத்தான் பயந்தார். சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஏன் வரவில்லை என்று விசாரிக்கும்போது சாய்தளம், கழிப்பறை, பாடப்பொருள் எல்லாவற்றையும் பார்க்கிறோம். வீட்டு வாசலுக்கும் பள்ளி வாசலுக்கும் இடையே குழந்தை எப்படி உட்கார்ந்து வருகிறது என்று நான் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். அதன் பிறகு அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து ஒரு கார் இருக்கை தேர்ந்தெடுத்ததில் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். உங்கள் பள்ளிக்குக் காரிலோ வேனிலோ வரும் ஒரு குழந்தைக்கு இது பயன்படலாம்.

மடியின் கணக்கு

"இனிமே கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்றேன் டீச்சர்" என்றார் அப்பா. எவ்வளவு கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமான இயக்க விதிகள்தான் அது. கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறது, அதாவது நொடிக்குச் சுமார் 11 மீட்டர். ஒன்றில் மோதிப் பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் எடை 12 கிலோ. 12-ஐ 11-ஆல் பெருக்கி 0.1-ஆல் வகுத்தால் 1320 நியூட்டன். கிட்டத்தட்ட 135 கிலோ மூட்டையை இரு கைகளால் தாங்கிப் பிடிப்பதற்குச் சமம். அவர் நெல் மூட்டை தூக்கிப் பழகியவர். தாளை வாங்கி மறுபடியும் பார்த்தார். "ரெண்டு மூட்டைக்கு கிட்ட வருது" என்றார்.

இன்னொன்றும் உண்டு. மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அவருடைய உடலும் முன்னால் பாயும். முன் இருக்கைக்கும் தாயின் உடலுக்கும் நடுவில் சிக்குவது குழந்தை. இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டாலும் அதே ஆபத்து.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். வாடகைக் கார் ஓட்டும் அவருக்கு இது புதுச் செய்தி. ஆனால் அவரை அசைத்தது அபராதம் அல்ல, அந்த மூட்டைக் கணக்குதான்.

வீட்டு நாற்காலியைக் காரில் கட்டலாமா?

அவர் உடனே சொன்ன யோசனை, நம்மில் பலருக்கும் தோன்றக்கூடியது. வீட்டில் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கென்று வழங்கப்பட்ட சிறப்பு நாற்காலி இருந்தது. அதில் சிறுமி நன்றாக உட்காருவாள். தலைக்கு அணை, மார்புக்குப் பட்டை, தொடைகளுக்கு நடுவே கட்டை எல்லாம் உண்டு. "சக்கரத்தைக் கழட்டிட்டு இதையே பின் சீட்டுல கயிறு போட்டுக் கட்டிடறேன்."

கூடாது. அந்த நாற்காலி, நிற்கும் இடத்தில் குழந்தையின் உடலை நேராக வைப்பதற்காகச் செய்தது. அதன் பட்டைகள் குழந்தை சரியாமல் பார்த்துக்கொள்ளும். மோதலின் வேகத்தைத் தாங்குமா என்று யாரும் சோதிக்கவில்லை. அதன் தையல் பிரியலாம், சட்டம் உடையலாம், நாற்காலியே குழந்தையோடு சேர்ந்து பாயலாம். கார் இருக்கையோ மோதல் சோதனையில் தேறி வந்திருக்க வேண்டும். இருக்கையின் பின்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒட்டி இருக்கும்; வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும். அது ஐ.நா. ஐரோப்பிய ஆணையத்தின் ஆர்44 அல்லது ஆர்129 விதிப்படி சோதித்தது என்பதற்கான அடையாளம். இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. இவற்றில் ஒன்றுகூட இல்லாத இருக்கையை, எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், விலை எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம். துணிப்பை போன்ற மெல்லிய மெத்தையில் நான்கு பட்டை தைத்து "குழந்தை கார் சீட்" என்று விற்கிறார்கள். அதுவும் இந்தக் கணக்கில் சேராது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் வள மையங்களில் மூலை நாற்காலி, சாய்வு நாற்காலி, நிற்கும் சட்டம் எல்லாம் இருக்கின்றன. உடல் நிலையைச் சரியாக வைப்பதில் நமக்குப் பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கமே காரில் நம்மைத் தவறாக வழிநடத்தும். நன்றாக உட்காருவது வேறு, மோதலில் பிடித்து வைப்பது வேறு. கார் இருக்கையில் இரண்டும் வேண்டும். இரண்டாவது கட்டாயம் வேண்டும்.

வயதைக் கேட்கும் கடைக்காரர்

அடுத்த வாரம் அப்பா ஒரு கடைக்குப் போயிருக்கிறார். "அஞ்சு வயசா? பூஸ்டர் போதும்" என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டியிருக்கிறார். விலையும் குறைவு. நல்லவேளை, வாங்குமுன் எனக்குப் படம் அனுப்பினார்.

பூஸ்டர் என்பது குழந்தையை உயர்த்தி உட்கார வைத்துக் காரின் சாதாரண சீட் பெல்ட் தோளிலும் இடுப்பிலும் சரியாகப் படியச் செய்யும் பலகை. குழந்தையைப் பிடிப்பது பூஸ்டர் அல்ல, காரின் பெல்ட்தான். ஆகவே பயணம் முழுவதும் தானாக நிமிர்ந்து, பெல்ட்டை விட்டு விலகாமல், தூங்கினாலும் பக்கவாட்டில் சரியாமல் உட்காரக்கூடிய குழந்தைக்கே அது பொருந்தும். நம் சிறுமி ஐந்து நிமிடத்தில் சரிந்துவிடுவாள். எடையும் போதாது. ஆர்44 விதியில் பூஸ்டர் வகை 15 கிலோவில் தொடங்குகிறது. இவள் 12 கிலோ.

மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகள் பலர் வயதுக்கேற்ற எடையோ உயரமோ இல்லாமல் இருப்பார்கள். பெட்டியில் அச்சிட்ட வயதை மறந்துவிட்டு மூன்று அளவுகளோடு கடைக்குப் போகச் சொன்னேன். முதலாவது எடை. இரண்டாவது நின்ற அல்லது படுத்த நிலையில் உயரம். மூன்றாவதைப் பலரும் எடுப்பதில்லை: சுவரோடு ஒட்டி உட்கார வைத்து, தரையிலிருந்து தோள்பட்டை வரை உள்ள உயரம். இருக்கையின் தோள் வார் நுழையும் துளைகளின் உயரத்தை இதோடுதான் ஒப்பிட வேண்டும். எடை வரம்பு மீதமிருக்கும்போதே தோள் உயரம் மீறிவிடுவது உண்டு. அப்போது அந்த இருக்கை முடிந்தது. உடல் நேராக நிற்காத குழந்தைக்கு இந்த அளவை எடுப்பது எளிதல்ல. வள மையத்து இயன்முறை மருத்துவர் இடுப்பைப் பிடிக்க, நான் அளவு நாடாவைப் பிடிக்க, இரண்டு முறை எடுத்துப் பெரிய எண்ணை எழுதிக்கொண்டோம். எடை 12 கிலோ, உயரம் 94 செ.மீ., தோள் உயரம் 33 செ.மீ.

இந்த அளவுகளுக்குப் பொருந்துவது, இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடங்களில் பிடிக்கும் வார் கொண்ட இருக்கை. அதைப் பின்னோக்கியும் முன்னோக்கியும் மாற்றிப் பொருத்தலாம்.

பின்னோக்கி எதற்கு?

பின்னோக்கி என்றால் குழந்தையின் முகம் காரின் பின் கண்ணாடியைப் பார்த்து இருப்பது. முன்பக்க மோதலில் முன்னோக்கிய குழந்தையின் உடலை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் வீசும். கழுத்து முழு இழுப்பையும் தாங்க வேண்டும். பின்னோக்கிய நிலையில் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக இருக்கையின் முதுகில் பதியும். எல்லாச் சிறு குழந்தைகளுக்கும் இது பொருந்தும். ஆர்129 விதியில் குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்குதல் கட்டாயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இருக்கையின் எடை, உயர வரம்பு இடம் தரும்வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறது. கழுத்தில் வலுவில்லாத குழந்தைக்கு இது இன்னும் அவசியம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரு எலும்புகளுக்கிடையே தளர்ச்சி இருக்கும். அவர்களையும் இயன்றவரை பின்னோக்கியே வைப்பது நல்லது.

சில இருக்கைகளில் பின்னோக்கி 13 கிலோ வரைதான் அனுமதி; சிலவற்றில் 18 கிலோ வரை. முதல் வகையை வாங்கினால் இன்னும் ஒரு கிலோ கூடியதும் சிறுமியை முன்னோக்கித் திருப்ப வேண்டியிருக்கும். ஆகவே 18 கிலோ வகையைத் தேடினோம். விலை கூடியது. அவ்வளவுக்கு அவசியமா என்று அப்பா கேட்டார். கழுத்து இன்னும் ஓராண்டில் வலுக்கலாம், வலுக்காமலும் போகலாம் என்று இயன்முறை மருத்துவர் மழுப்பாமல் சொன்னார். அவர் வாங்கிவிட்டார்.

வாங்குமுன் ஒரு தடை வந்தது. கடையில் பின்னோக்கி உட்கார வைத்ததும் சிறுமியின் பாதங்கள் காரின் சாய்மானத்தைத் தொட்டன. தொட்டதும் உதைத்தாள், உதைத்ததும் முழு உடலும் விறைத்து, இடுப்பு முன்னால் நழுவியது. இறுக்கம் அதிகமுள்ள குழந்தைகளிடம் இது நடக்கும்: பாதத்தில் அழுத்தம் கிடைத்தால் நீட்டும் இறுக்கம் தூண்டப்படும். "கால் வைக்க இடமே இல்லையே, ஒடிஞ்சுடாதா?" என்று அம்மா பதறினார். கால் மடங்கியிருப்பதால் மட்டும் ஆபத்து இல்லை. உட்கார்ந்த பிள்ளைகள் சம்மணமிட்டுத்தானே இருக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது உதைப்பைப் பற்றித்தான்.

இயன்முறை மருத்துவர் குழந்தையைத் தூக்கி மறுபடி வைத்தார். முதலில் முழங்கால்களை நன்றாக மடக்கி வயிற்றை நோக்கிக் கொண்டுவந்தார். இறுக்கம் சற்று இளகியது. அந்த நிலையிலேயே இடுப்பை இருக்கையின் ஆழம் வரை உள்ளே தள்ளி, முதலில் இடுப்பு வாரை இறுக்கினார், பிறகு தோள் வாரை. கால்களைப் பக்கவாட்டில் மடக்கி விட்டார். இருபது நிமிடம் அப்படியே வைத்திருந்தோம். ஒருமுறை உதைத்தாள், இடுப்பு நழுவவில்லை. அந்த இருபது நிமிடம் காத்திருக்கக் கடைக்காரர் நாற்காலி போட்டுக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் இப்படி அமையாது. இடுப்பு மூட்டு விலகியிருந்தாலோ, அறுவை சிகிச்சைக்குப் பின் மாவுக்கட்டு இருந்தாலோ பின்னோக்கி வைக்கவே முடியாமல் போகலாம். அப்போது சாய்வு வசதியுள்ள முன்னோக்கிய இருக்கையை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். குழந்தையை உட்கார வைத்துப் பார்க்காமல் இணையத்தில் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

காரும் சரிவர வேண்டும்

இருக்கை குழந்தைக்குப் பொருந்தினால் பாதி வேலைதான் முடிந்தது. கடைக்குக் காரிலேயே போக வேண்டும். இவருடைய காரில் இருக்கையை நேரடியாகக் கொளுவும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இல்லை; பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். சிறிய கார்களில் பின் பெல்ட்டின் நீளம் பின்னோக்கிய இருக்கையைச் சுற்றி வரப் போதாமல் போவதுண்டு. இவருக்கு நான்கு விரல் மிச்சம் இருந்தது. பின் இருக்கையின் நடுவில் இடுப்புக்கு மட்டும் பெல்ட் இருந்ததால் அந்த இடம் தள்ளுபடி. இடப்பக்க ஜன்னலோரத்தில் வைத்தோம். நம் ஊரில் சாலையோரம் இடப்பக்கம். வண்டிகள் வரும் பக்கம் நின்றுகொண்டு விறைக்கும் குழந்தையைத் தூக்கி இறக்க வேண்டியதில்லை. முன் இடப்பக்க இருக்கையைச் சற்று முன்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது. முன் இருக்கையில் ஏர்பேக் இருந்தால் அங்கே பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் பை இருக்கையின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால், அடிக்கும்.

கட்டிய பிறகு, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து இருக்கையை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். 2.5 செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. குழந்தையை வைத்த பிறகு தோள் வாரை விரல்களால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள மடிப்பு வந்தால் இன்னும் தளர்வு இருக்கிறது. பின்னோக்கி இருக்கும்போது தோள் வார் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும், முன்னோக்கி இருக்கும்போது சமமாகவோ சற்று மேலிருந்தோ. இதைப் பலர் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். கடைசியாகத் தாடை மார்பில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் மூச்சுப்பாதை மடங்கும், சாய்வைக் கூட்ட வேண்டும்.

வாடகைக் காருக்கு வேறொரு தொல்லை. பயணிகள் வந்தால் இருக்கையைக் கழற்ற வேண்டும், மாலையில் மறுபடி கட்ட வேண்டும். முதல் நாள் அவருக்கு அரை மணி நேரம் ஆனது. இப்போது ஐந்து நிமிடம்.

ரெக்சின் கடையில் நடந்திருக்கக் கூடியது

இருக்கை வந்த பிறகு அப்பா மறுபடி அழைத்தார். சீட் கவர் தைக்கும் நண்பரிடம் கொடுத்து அடியில் இரண்டு அங்குல ஸ்பாஞ்சும், தலை சாயாமல் நெற்றியில் ஒரு பட்டையும் வைத்துத் தைக்கப் போவதாகச் சொன்னார். அன்போடு செய்கிறார், கைவேலையும் தெரிந்தவர்கள். தடுப்பதற்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

குழந்தைக்கு அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் தயாரிப்பாளர் தராத எதையும் வைக்கக் கூடாது. மோதலில் ஸ்பாஞ்சு நசுங்கும். நசுங்கிய அளவுக்கு வார் தளரும். குழந்தை அந்த இடைவெளியில் பாயும். நெற்றிப் பட்டை அதைவிட மோசம்: உடல் முன்னால் போகும்போது தலை மட்டும் பின்னால் கட்டப்பட்டிருந்தால் கழுத்து என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆர்44 விதியில் 'சிறப்புத் தேவை இருக்கை' என்று தனி வகையே உண்டு. உடல் நிலையைத் தாங்கும் கூடுதல் பட்டைகளோடு சோதித்து அனுமதி பெற்றவை. அவை நம் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. அந்தப் பட்டைகளைப் பார்த்து நாமே தைப்பது அதற்கு ஈடாகாது.

செய்யக்கூடியவை எளியவை. மெல்லிய துண்டை உருட்டித் தலையின் இரு பக்கமும், தேவைப்பட்டால் விலாவின் இரு பக்கமும் வைக்கலாம். வாரை இறுக்கிய பிறகு, வாருக்கு வெளியே வைக்க வேண்டும். கால்கள் கத்திரிக்கோல் போலக் குறுக்கே பின்னும் குழந்தைக்கு, நடு வாருக்கும் உடலுக்கும் இடையே சிறு துணிச்சுருள் வைத்தால் இடுப்பு முன்னால் நழுவுவது குறையும். சிறுமிக்கு அம்மாவின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மூன்று சுருள்கள் செய்தோம். துவைக்க எளிது, எச்சில் வடியும் குழந்தைக்கு அது முக்கியம்.

நம் வெயிலைப் பற்றி எந்தக் கையேடும் போதுமான அளவு சொல்வதில்லை. நண்பகலில் நின்ற காரில் கறுப்பு மெத்தையும் பக்கிளின் உலோகமும் தொட முடியாதபடி சுடும். சூட்டை வாயால் சொல்ல முடியாத குழந்தை, தொடு உணர்வு குறைந்த குழந்தை தோல் வெந்தாலும் தெரிவிக்காது. வெள்ளைத் துணியால் மூடி வைத்து, உட்கார வைக்குமுன் பக்கிளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

வேறு சில குழந்தைகள்

வலிப்பு உள்ள குழந்தை என்றால் ஓட்டுநரைத் தவிர ஒரு பெரியவர் பின்னால் பக்கத்தில் உட்கார வேண்டும். வலிப்பு வந்தால் வண்டியை ஓரம் நிறுத்தி, தலையைத் தாங்கி, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. ஓடும் வண்டியில் இத்தகைய குழந்தைக்கோ, விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கோ உணவு ஊட்டாமல் இருப்பது நல்லது. ஆக்சிஜன் உருளை, சளி உறிஞ்சும் கருவி போன்றவை கூடவே வந்தால் அவற்றையும் தரையில் கட்டி வைக்க வேண்டும்; மோதலில் அவையும் பாயும் பொருள்களே.

ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் பக்கிளைத் தானே திறந்துகொண்டு எழுந்துவிடுவான். பெற்றோர் துப்பட்டாவால் இருக்கையோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். விபத்திலோ தீயிலோ அந்த முடிச்சை அவிழ்க்க எத்தனை நொடி ஆகும்? முடிச்சை எடுத்துவிட்டு வேறு வழி பார்த்தோம். 'உட்கார், கை உள்ளே, கிளிக், வண்டி போகும்' என்று நான்கு படங்கள் வரைந்து முன் இருக்கையின் பின்புறம் ஒட்டினோம். பக்கிள் திறந்தால் வண்டி நிற்கும், மூடினால் போகும். திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. நின்ற வண்டியில்தான் முதலில் பழக்கினோம். அதோடு ஒரு பெரிய சட்டையை வாருக்கு மேலே முன்பின்னாக மாட்டிவிட்டதில் பக்கிள் அவன் கண்ணில் படவில்லை. மூன்று வாரம் பிடித்தது.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைகளுக்கு, தலைப்பக்க மெத்தை காதோரச் சுருளைத் தள்ளிக் கழற்றிவிடும். பயணம் முழுக்க அவர்களுக்கு எதுவும் கேட்காது, அழைத்து வருபவருக்கும் அது தெரியாது. இருக்கை வாங்கும்போதே கருவியை மாட்டி உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டோவில் கார் இருக்கையைப் பொருத்த முடியாது. அதைத் தாங்கப் பெல்ட் இல்லை. இருசக்கர வாகனத்தில் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு வார், தலைக்கவசம், 40 கி.மீ.க்கு மிகாத வேகம் ஆகியவை 2023 பிப்ரவரி முதல் கட்டாயம். ஆனால் தலை நிற்காத குழந்தைக்குத் தலைக்கவசத்தின் எடையே கழுத்துக்குச் சுமை. அப்படிப்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்து வரும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. பயணப்படியும் பாதுகாவலர் படியும் பெறும் பெற்றோர் சிலர் சேர்ந்து பெல்ட் உள்ள ஒரு வாகனத்தை அமர்த்த முடியுமா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம்.

பழைய இருக்கையை யாராவது தானமாகத் தர முன்வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: விபத்தில் இருந்த காரா, ஒட்டியும் காலாவதித் தேதியும் படிக்க முடிகிறதா, எல்லா வார்களும் கையேடும் இருக்கின்றனவா? ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். விபத்தில் சிக்கிய இருக்கையின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

பள்ளி வாசலில்

சிறுமி ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து தொடர்ந்து வருகிறாள். முதல் பத்து நாளும் காரில் ஏறியதும் அழுகை. வகுப்பாசிரியர் ஒரு வழி கண்டார். வகுப்பில் அவளுடைய நாற்காலியில் உட்கார வைக்கும்போதும் காரில் பாடும் அதே எண் பாட்டைப் பாடி, 'ஐந்து' என்றதும் பட்டையைப் போட்டார். அம்மாவும் காரில் அப்படியே செய்தார். இப்போது 'ஐந்து' வருமுன்பே சிறுமி கையை உயர்த்திக் கொடுக்கிறாள்.

மாலையில் குழந்தையை ஏற்றிவிடுவது பெரும்பாலும் நாம்தான். அதனால் வகுப்பாசிரியரும் சத்துணவு உதவியாளரும் இருக்கையில் வைக்கும் வரிசையைக் கற்றுக்கொண்டார்கள்: முழங்காலை மடக்கு, இடுப்பை உள்ளே தள்ளு, இடுப்பு வார், தோள் வார், கிள்ளிப் பார், பிறகு சுருள்கள். அவளுடைய தனிநபர் கல்வித் திட்டப் படிவத்தில் 'பயணம்' என்று ஒரு வரி சேர்த்து இதை எழுதியிருக்கிறோம். ஆசிரியர் மாறினாலும் வரிசை மாறக் கூடாது அல்லவா. பள்ளிக்கு வந்ததும் அவளை உடனே இருக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. கார் இருக்கை பயணத்துக்கு மட்டுமே. தூங்குகிறாளே என்று அதிலேயே விட்டுவைக்கக் கூடாது, நின்ற காரில் தனியாக விடவே கூடாது.

பருவத்துக்கு ஒருமுறை அளவெடுக்கிறோம். போன வாரம் எடை 13.4 கிலோ, தோள் உயரம் 34 செ.மீ. இருக்கையின் மேல் துளைக்கு இன்னும் இரண்டு விரற்கடை இடம் இருக்கிறது. அடுத்த ஆண்டு முன்னோக்கித் திருப்பலாமா என்று அவளுடைய கழுத்தைப் பார்த்து இயன்முறை மருத்துவர் சொல்வார். அப்பா இப்போதே ஐசோஃபிக்ஸ் உள்ள பழைய கார் ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.